இரவில் இறங்காத கார்டிசால்: மலையில் குஷிங் நோயை அடையாளம் காண்பது

நீலகிரியில் ஒருவருக்கு முகம் சிவந்திருந்தால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பக்கம் குளிர், இன்னொரு பக்கம் சுள்ளென்ற உச்சி வெயில். குன்னூரிலும் கோத்தகிரியிலும் நிறையப் பேருக்குக் கன்னம் அப்படித்தான் இருக்கும். உடம்பு கொஞ்சம் பெருத்தால் "நல்லா பூசினாப்ல இருக்கே" என்பார்கள். கையில் கன்றிப்போன திட்டுகள் ஸ்வெட்டருக்குள் மறைந்துவிடும். மேடேற முடியவில்லை என்றால் "வயசாகுதுல்ல" என்று பதில் வரும். ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. அதனால் இவை எல்லாம் ஒரே உடம்பில், ஒரே காலத்தில் வரும்போது சேர்த்துப் பார்க்க ஆள் இல்லாமல் போகிறது. அப்படி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிற நோய்களில் ஒன்றுதான் குஷிங் நோய்.

நோய் தொடங்குவது மூளைக்கு அடியில். மூக்கின் மேற்புறத்துக்குப் பின்னால், எலும்புக் குழி ஒன்றில், பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வரும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன், சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குப் போய், கார்டிசாலைச் சுரக்கச் சொல்கிறது. கார்டிசால் இல்லாமல் உயிர் வாழ முடியாது. ரத்த அழுத்தத்தைத் தாங்குவது, பட்டினியிலும் காய்ச்சலிலும் உடம்பைக் காப்பது எல்லாம் அதன் வேலை. பிட்யூட்டரியில் சின்னக் கட்டி ஒன்று வளர்ந்து, ஓய்வில்லாமல் ஏசிடிஎச்சைச் சுரந்தால் கார்டிசால் எந்நேரமும் மிகுந்தே நிற்கும். கட்டி பெரும்பாலும் புற்றுநோய் வகை அல்ல. ஆனால் அது கிளப்பிவிடும் கார்டிசால் உடம்பைத் தின்கிறது. சர்க்கரை ஏறும், ரத்தக் கொதிப்பு ஏறும், எலும்பு மெலியும், தொடைத் தசை கரையும், தோல் தாள்போல் ஆகும், தூக்கம் போகும்.

அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் இப்படிப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி 1912இல் எழுதினார். 1932இல் பல நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, காரணம் பிட்யூட்டரியில் இருக்கும் மிகச் சிறிய கட்டி என்று வாதிட்டார். அந்தக் காலத்தில் ஸ்கேன் கிடையாது, கார்டிசாலை அளக்கும் வசதியும் கிடையாது. நோயாளிகளின் உடம்பை ஒருவரோடு ஒருவராக வைத்துப் பார்த்துத்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். இப்போது கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. என்றாலும், பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், முதல் அறிகுறிக்கும் நோயைக் கண்டுபிடிப்பதற்கும் நடுவே சராசரியாக ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பெண்களுக்கு இந்த நோய் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது. பெரும்பாலும் 20 முதல் 50 வயதுக்குள், குடும்பத்தின் பாரம் முழுவதும் தோளில் இருக்கிற காலத்தில் வருகிறது.

இது எவ்வளவு அரிய நோய் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ புதிதாக வருகிறது. 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 7.35 லட்சம். ஆக, மாவட்டம் முழுவதற்கும் ஆண்டுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். பந்தலூரிலோ மஞ்சூரிலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் மருத்துவர், தன் பணிக்காலம் முழுவதிலும் ஒருவரைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். அதே மருத்துவர் ஒரே வாரத்தில் எத்தனையோ சர்க்கரை நோயாளிகளையும் ரத்தக் கொதிப்புக்காரர்களையும் பார்க்கிறார். அவர் மனதில் முதலில் எது வரும் என்று சொல்லத் தேவையில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஆண்டுக்கு அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால், கேள்வியை நாம்தான் எழுப்ப வேண்டியிருக்கும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

கோத்தகிரிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். முப்பத்தைந்து வயதுக்குள் சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு இரண்டு. மாதவிலக்கு நின்றுபோனதற்கு ஒரு பெண் மருத்துவர் நீர்க்கட்டி என்று மாத்திரை எழுதினார். தூக்கமில்லை, சட்சட்டென்று அழுகை, பிள்ளைகள் மேல் காரணமில்லாத கோபம். அதற்குத் தனியாக இன்னொரு மாத்திரை. "மனசுல எதையோ போட்டு உழட்டிக்கிறா" என்றார்கள் வீட்டில். எடை கூடியதற்கு எல்லாரும் சொன்ன மருந்து ஒன்றுதான்: "சோத்தைக் கொறைம்மா." அவரும் குறைத்தார். இரவு ஒரே ஒரு தோசை. ஆனாலும் வயிறு பெருத்துக்கொண்டே போனது, கையும் காலும் மெலிந்துகொண்டே வந்தன. பறிக்கும்போது தேயிலைக் குச்சி உரசினாலே கன்றிப்போனது. மழைக்காலத்தில் அட்டை கடித்த இடம் வாரக்கணக்கில் ஆறவில்லை. கடைசியில் அவரை நிறுத்தியது தொடைதான். கீழ்ச்சரிவில் குந்தி உட்கார்ந்தால், ஒரு கையைத் தரையில் ஊன்றாமல் எழ முடியவில்லை. கூடையோடு மேடேற முடியாமல் வேலை போகும் நிலை வந்த பிறகுதான், கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர் இவை அனைத்தையும் ஒரே தாளில் எழுதினார்.

அந்த ஒரே தாள்தான் முக்கியம். அவரிடம் இருந்த ஒவ்வொரு சீட்டிலும் எழுதியிருந்தது தவறில்லை. சர்க்கரை நிஜமாகவே இருந்தது, கொதிப்பும் இருந்தது. ஆனால் நான்கு சீட்டுகளும் நான்கு இடங்களில் எழுதப்பட்டவை. ஒன்றை எழுதியவர் மற்றதைப் பார்க்கவில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால், மாதா மாதம் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மலைக்கிராமங்களுக்கு அது பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாத்திரை தடையில்லாமல் வரும்போது, இந்த வயதில் இவருக்கு ஏன் இவ்வளவும் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. நாற்பது வயதுக்குள் சர்க்கரையும் அடங்காத கொதிப்பும் சேர்ந்து வந்தால், அந்தக் கேள்வியை ஒருமுறையாவது கேட்டே ஆக வேண்டும்.

எந்த அறிகுறிக்கு எவ்வளவு மதிப்பு என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். எடை கூடுவது, முகத்தில் முடி, மாதவிலக்குக் கோளாறு, மனச்சோர்வு, பிடரியில் கொழுப்பு மேடு ஆகியவை இந்த நோயில் வரும்தான். ஆனால் இந்த நோய் இல்லாத ஆயிரம் பேருக்கும் வரும். இவற்றை வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். அடிபடாமலே கன்றிப்போவது, தொடையிலும் தோளிலும் பலம் குறைவது, முகம் உருண்டு சிவப்பது, வயிற்றிலும் தொடையிலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஊதா வரிகள், இள வயதிலேயே எலும்பு முறிவு: இவைதான் மற்ற காரணங்களிலிருந்து குஷிங் நோயைப் பிரித்துக் காட்டுபவை. பிரசவ வரிகள் மெல்லியவை, நாளானால் வெளுத்துவிடும். நம் மாநிறத் தோலில் ஊதா நிறம் பளிச்சென்று தெரியாது. அதனால் நிறத்தைவிட வரியின் அகலத்தையும், அந்த இடத்தில் தோல் மெலிந்து பள்ளமாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. சாதாரணமாகக் குண்டாகும் பிள்ளை உயரமும் வளரும். எடை ஏறிக்கொண்டே போய் உயரம் நின்றுவிட்டால், பள்ளியில் எழுதி வைத்திருக்கும் உயரக் கணக்கை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மலைக்காரர்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. சமவெளியில் லிஃப்டும் ஸ்கூட்டருமாக வாழ்பவருக்குத் தொடையின் பலம் போனது தெரிய நாளாகும். இங்கே வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரவே நாற்பது படி. போன வருடம் நிற்காமல் ஏறின மேட்டில் இந்த வருடம் இரண்டு முறை நிற்க வேண்டியிருக்கிறதா? மூச்சு வாங்குவதால் நிற்கிறோமா, தொடை தூக்காததால் நிற்கிறோமா? இந்த வித்தியாசத்தை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மூச்சு என்றால் இதயம், நுரையீரல், ரத்தசோகை என்று போவார். தொடை என்றால் வேறு திசையில் யோசிப்பார். அப்புறம், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உடம்பைக் காட்டுங்கள். குளிருக்குச் சால்வையைப் போர்த்தியபடியே நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, சீட்டு வாங்கிக்கொண்டு வருவது நம் ஊர்ப் பழக்கம். தோலில்தான் பாதி விடை இருக்கிறது.

பழைய போட்டோக்களையும் எடுத்துப் போங்கள். ஆதார் அட்டையில் இருக்கும் முகம், கல்யாண ஆல்பம், தோட்டத்தில் கொடுத்த அடையாள அட்டை, எதுவானாலும் சரி. தினமும் பார்க்கிறவர்களுக்கு மாற்றம் தெரியாது. ஆண்டுக்கொரு முறை ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்கு வரும் உறவினர்தான் "என்ன, ஆளே மாறிட்டே!" என்பார். நான்கைந்து ஆண்டுப் படங்களை வரிசையாக வைத்தால் மருத்துவருக்கும் அந்த வெளியூர் உறவினரின் கண் கிடைத்துவிடும்.

சோதனைக்குப் போகும் முன் தீர்க்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. குஷிங் தோற்றம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் கட்டியே அல்ல, வெளியிலிருந்து உள்ளே போன ஸ்டீராய்டு, அதாவது கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் மருந்து. குளிர் ஊரில் வீசிங் அதிகம், மூட்டுவலி அதிகம். மருந்துக்கடையில் நின்று "ஒரு செட் மாத்திரை கொடுங்கண்ணா" என்று கேட்டால் கிடைக்கும் பொட்டலத்தில் பீட்டாமெத்தசோனோ டெக்சாமெத்தசோனோ இருக்கலாம். மூட்டுவலிக்கென்று பெயரில்லாத டப்பாவில் விற்கும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் வெளுக்கப் பூசும் களிம்பிலும், நாள்பட அடிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரிலும், முட்டியில் போட்ட ஊசியிலும் அது உண்டு. எதையும் வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்ல வேண்டும். முடிந்தால் அட்டையையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இதில் ஒரு துப்பு இருக்கிறது: வெளி ஸ்டீராய்டால் முகம் உருண்டவருக்கு ரத்தத்தில் கார்டிசாலை அளந்தால் பெரும்பாலும் குறைவாகவே காட்டும். ஏனென்றால் சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். அதே காரணத்தால், "ஸ்டீராய்டா? ஐயோ!" என்று அன்றைக்கே நிறுத்திவிடவும் கூடாது. உடம்பில் கார்டிசாலே இல்லாமல் போய் உயிருக்கு ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தோட்டத்து லைன் வீடுகளிலும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் இந்த ஒரு விஷயத்தையாவது சுகாதாரப் பணியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்டீராய்டு இல்லை என்று உறுதியானால் அடுத்தது சோதனை. இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். "கார்டிசால் பார்த்தாச்சு, நார்மல்" என்று ஒரு சீட்டைக் காட்டுவார்கள். பார்த்தால் காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தம். ஆரோக்கியமானவருக்கே கார்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். குஷிங் நோயில் காலை அளவு பெரும்பாலும் அந்த வழக்கமான வரம்புக்குள்ளேயே இருந்துவிடும். கெடுவது இரவில் இறங்கும் அந்த இறக்கம். ஆகவே ஒரு சாதாரணக் காலைக் கார்டிசாலை வைத்துக்கொண்டு நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

சரியான முதல் சோதனைகள் மூன்று. மூன்றையுமே பெரும்பாலும் மலையிலிருந்தபடி செய்துவிடலாம். ஊட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கும் கொடைக்கானலிலிருந்து மதுரைக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

எளிதானது டெக்சாமெத்தசோன் சோதனை. இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோனை விழுங்க வேண்டும். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அரை மில்லிகிராம் மாத்திரை என்பதால் இரண்டு. மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம். ஆரோக்கியமான பிட்யூட்டரி அந்த மாத்திரையைக் கண்டதும் ஏசிடிஎச்சை நிறுத்திவிடும், கார்டிசால் ஒரு டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே போய்விடும். கட்டி அடங்காது. கோயம்புத்தூரில்தான் ரத்தம் கொடுப்பேன் என்று முதல் பஸ் பிடித்தால் எட்டு மணிக்குள் போய்ச் சேர்வது கஷ்டம். தேவையும் இல்லை. கார்டிசால் சட்டென்று கெடாது. குன்னூரிலோ கொடைக்கானலிலோ உள்ளூரிலேயே ரத்தம் கொடுத்து, அது கீழே போய்ச் சோதிக்கப்பட்டாலும் முடிவு சரியாகவே வரும். மாத்திரை விழுங்கிய நேரத்தை மட்டும் தாளில் எழுதிக் கொடுங்கள். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை இல்லாத நோயை இருப்பதாகக் காட்டலாம். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை டெக்சாமெத்தசோனை வேகமாகக் கரைத்துவிடுவதால் அங்கேயும் அதே கதைதான்.

இரண்டாவது, 24 மணி நேரச் சிறுநீர். கேட்க எளிது, செய்வதில்தான் தப்பு நடக்கிறது. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் வேண்டாம், அதைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு பகலும் இரவும் கழிப்பது ஒரு சொட்டு விடாமல் கேனுக்குள். மறுநாள் அதே நேரத்துக்குக் கழிக்கும் காலைச் சிறுநீரும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும். தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு வேலை நாளில் இது முடியவே முடியாது. பறிக்கும் காட்டில் கழிப்பறை ஏது? ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து ஆரம்பித்துத் திங்கள் காலை முடித்துக் கொடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். குறைந்தது இரண்டு முறை செய்ய வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.

மூன்றாவது, நள்ளிரவு எச்சில். படுக்கப்போகும் நேரத்தில் ஒரு பஞ்சுச் சுருளை வாயில் வைத்து ஊறவிட்டு, குழாயில் போட்டு மூடிவிட வேண்டும். இரண்டு இரவுகள். எச்சிலில் கார்டிசால் சாதாரண அறை வெப்பத்திலேயே பல நாள் கெடாமல் இருக்கும் என்பதால், மலைக்கு இதைவிட உகந்த சோதனை கிடையாது. எல்லா ஆய்வகங்களும் இதைச் செய்வதில்லை என்பதுதான் குறை. இதிலும் சில பிசகுகள் உண்டு. ஸ்டீராய்டு களிம்பு பூசிய கையால் பஞ்சைத் தொடக் கூடாது. இருமலுக்கு அதிமதுரம் மென்றிருந்தால் அளவு ஏறிக் காட்டும், புகையிலையாலும் அப்படி ஆகலாம். அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அதனால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்வது நல்லது. கொழுந்து வரத்து அதிகமான சீசனில் தேயிலை ஃபேக்டரிகள் இரவெல்லாம் ஓடும். அங்கே நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு உடம்பின் இரவே மாறிப்போயிருக்கும். அவருக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மூன்றில் குறைந்தது இரண்டு சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துச் சொன்னால்தான் அடுத்த அடி. குடிப்பழக்கம், கடுமையான மனச்சோர்வு, கட்டுக்கடங்காத சர்க்கரை ஆகியவற்றிலும் கார்டிசால் ஓரளவு ஏறும். சிலருக்கு நோய் வந்து வந்து போகும். ஒரு மாதம் உச்சத்தில் இருக்கும், இன்னொரு மாதம் ஒன்றுமில்லாததுபோல் காட்டும். அறிகுறிகள் அழுத்தமாக இருந்தும் சோதனை நார்மல் என்று வந்தால், சில மாதம் கழித்துத் திரும்பச் செய்யச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

அடுத்த சோதனைக்குக் கட்டாயம் கீழே இறங்கியே ஆக வேண்டும். ரத்தத்தில் ஏசிடிஎச் அளப்பது அது. ஏசிடிஎச் குறைவாக இருந்தால் கோளாறு அட்ரீனலில். குறையாமலோ கூடியோ இருந்தால் பிட்யூட்டரியிலோ, அரிதாக நுரையீரல் போன்ற வேறு இடத்திலோ. ஆனால் ஏசிடிஎச் மிகவும் மெல்லிய சரக்கு. ஊதா மூடிக் குழாயில் எடுத்து, எடுத்த கையோடு ஐஸில் வைத்து, குளிரிலேயே சுழற்றிப் பிரித்து, உறைய வைக்க வேண்டும். சாதாரண வெப்பத்தில் ஒரு மேசைமேல் கிடந்தால் அது சிதைந்து, அளவு பொய்யாகக் குறைந்துவிடும். குறைந்தால் என்ன ஆகும்? மருத்துவர் அட்ரீனல் பக்கம் தேடப் போவார். அங்கே தற்செயலாக ஒரு சின்ன முடிச்சு இருந்தால் அதை வெட்டியெடுக்கும் பேச்சும் வரலாம். மலையிலிருக்கும் சேகரிப்பு மையத்தில் சாயங்கால வண்டிக்காகக் காத்திருக்கும் ரத்தத்தில் ஏசிடிஎச்சை நம்பக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வேன். ஆய்வகம் உள்ளேயே இருக்கும் பெரிய மருத்துவமனையில் இதற்கு மட்டுமாவது போய்க் கொடுங்கள்.

ஸ்கேன் இதற்கெல்லாம் பிறகுதான். "எதுக்கு இத்தனை டெஸ்ட், ஒரேயடியா தலையை ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமே" என்பது எல்லாருக்கும் தோன்றும். அதில் இரண்டு பக்கமும் ஆபத்து. குஷிங் நோய்க் கட்டிகள் பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்கும் கீழே. பத்தில் மூன்று நான்கு பேருக்கு நல்ல எம்ஆர்ஐயிலும் எதுவுமே தெரியாது. மறுபக்கம், எந்த நோயும் இல்லாதவர்களிலேயே பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் ஏதாவது ஒரு சின்னப் புள்ளி தெரியும். ரத்தச் சோதனை உறுதியாகாமல் ஸ்கேன் எடுத்தால், இல்லாத நோய்க்கு அறுவையும் நடக்கலாம், இருக்கிற நோய் இல்லையென்றும் ஆகலாம். எம்ஆர்ஐயில் கட்டி தெரியாவிட்டாலும், 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தாலும், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பிட்யூட்டரியிலிருந்து இறங்கும் இரண்டு பக்க ரத்த நாளங்களிலும் கையிலும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து ஏசிடிஎச்சை ஒப்பிடுவார்கள். மேலே உள்ள அளவு கையில் உள்ளதைவிட இரண்டு மடங்கோ, தூண்டும் மருந்து கொடுத்த பிறகு மூன்று மடங்கோ இருந்தால் ஊற்று பிட்யூட்டரிதான். கைப்பழக்கமுள்ள சில மையங்களில் மட்டுமே நடக்கும் வேலை இது.

எங்கே போவது? 2025இல் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தபிறகு, முதல் கட்டத்துக்கு மலையை விட்டு இறங்க வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. அதற்குமேல் நாளமில்லாச் சுரப்பி நிபுணர் வேண்டும். சுகர் டாக்டர் என்று நாம் சொல்கிறவர்களில் சிலர் இந்தப் படிப்பு முடித்தவர்கள்தான், விசாரித்துக்கொள்ள வேண்டும். வேலூர் சிஎம்சி, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் இதற்கென்று துறைகள் இருக்கின்றன. பந்தலூர்க்காரர்களுக்குக் கோயம்புத்தூரைவிடக் கோழிக்கோடுதான் பக்கம். ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை கிடைக்கும். எந்த மருத்துவமனையில், எந்த அறுவைக்குச் செல்லும் என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பஸ்ஸும் தங்கலும் கூடவரும் ஆளின் கூலியும் எந்த அட்டையிலும் வராது.

முதல் சிகிச்சை அறுவைதான். மண்டையைத் திறப்பதில்லை, மூக்கு வழியாகவே போய்க் கட்டியை எடுக்கிறார்கள். கைதேர்ந்தவர் செய்தால் சிறு கட்டிகளில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு நோய் தணிகிறது. பிட்யூட்டரி அறுவையை அடிக்கடி செய்கிறவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. அதற்காக இன்னும் நூறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தாலும் போகலாம். அறுவையால் தீராதவர்களுக்கு மறு அறுவை, கதிரியக்கம், மாத்திரைகள், கடைசி வழியாக இரண்டு அட்ரீனலையும் எடுப்பது என்று வழிகள் உண்டு. மாத்திரைகளில் கீட்டோகோனசோல் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது. அதைச் சாப்பிடும்போது கல்லீரல் சோதனை கட்டாயம். கூடவே கேஸ் மாத்திரை போட்டால் அது உடம்பில் சரியாகச் சேராது.

அறுவைக்குப் பிறகு வரும் மாதங்களுக்கு யாரும் நோயாளியைத் தயார் செய்வதில்லை என்பது என் மனக்குறை. "கட்டியை எடுத்தாச்சு, இனி ஒண்ணுமில்ல" என்று ஊரே நினைக்கும். ஆனால் கட்டி போனதும் கார்டிசால் தடாலென்று விழும். இத்தனை நாள் அமுங்கிக் கிடந்த நல்ல செல்கள் விழித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை கார்டிசாலின் இடத்தை நிரப்பும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரைதான் உயிர். மிகுந்த கார்டிசாலுக்குப் பழகிய உடம்பு அந்த அளவை ஏற்காமல் மூட்டு மூட்டாக வலிக்கும், அசதி எழுந்திருக்க விடாது, பசி போகும், தோல் உரியும். மேலே சொன்ன அக்கா, "இதுக்கு முன்னாடியே நல்லா இருந்தேனோன்னு தோணுது" என்று அழுதார். அது நோய் திரும்பியதன் அடையாளம் அல்ல, அறுவை பலித்ததன் அடையாளம் என்று சொன்னபோது அவருக்கும் வீட்டுக்காரருக்கும் பாதிப் பாரம் இறங்கியது. முகம் சில மாதங்களில் பழையபடி ஆகும். தொடைப் பலத்துக்கு ஆண்டு ஆகலாம், எலும்புக்கு இன்னும் அதிகம். தோட்டத்தில் இருப்பவர் உடனே கூடையை எடுக்கக் கூடாது. சில மாதத்துக்கு மேடில்லாத வேலை கேட்டு மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மாதவிலக்கு திரும்பும்போது கருத்தரிக்கும் வாய்ப்பும் திரும்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹைட்ரோகார்டிசோன் சாப்பிடும் காலத்தில் ஒரு விதியை வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி உடனே. தள்ளாட்டம், வயிற்றுவலி, மயக்கம் வந்தால் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டிக்குக் காத்திராமல் ஊசியைப் போட வேண்டும். தன் நோயாளிக்கு எந்த அளவு என்பதை மருத்துவரிடம் தாளில் எழுதி வாங்கி, ஊசி மருந்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். போடத் தெரிந்த ஒருவர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்க வேண்டும். 2009 நவம்பரில் மண் சரிந்து இந்த மலையில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், சாலைகள் துண்டாயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் ஆம்புலன்ஸ் வராது, மருந்துக்கடையும் திறக்காது. ஜூனுக்கு முன்பும் அக்டோபருக்கு முன்பும் ஒரு மாத மாத்திரை கூடுதலாக வாங்கி வையுங்கள். "நான் ஸ்டீராய்டு மாத்திரையைச் சார்ந்திருப்பவர், நிறுத்தக் கூடாது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சீட்டு பர்ஸில் எப்போதும் இருக்கட்டும்.

நோய் தணிந்தவர்களில் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ, சில கணக்குகளில் இன்னும் கூடுதலானவர்களுக்கோ, ஆண்டுகள் கழித்துத் திரும்ப வருகிறது. பத்தாண்டு கழித்தும் வரும். அதனால் ஆயுள் முழுக்க வருடம் ஒருமுறை நள்ளிரவு எச்சிலோ டெக்சாமெத்தசோன் சோதனையோ செய்துவர வேண்டும். இரண்டுமே மேலே சொன்னபடி மலையிலிருந்தே முடியும். முடிவு சந்தேகமாக வந்தால் மட்டும் பஸ் ஏறினால் போதும்.